வெறும் வயிற்றோடு கூட்டி வாங்க

எங்கள் தெருவில் ஏழு வீடுகள். எங்கள் நாய்க்கு ஏழு பெயர்கள். எந்த வீட்டில் எந்தப் பெயர் என்று எழுதினால் நாளைக்கே சண்டை வரும், அதனால் விட்டுவிடுகிறேன். ஏழு வீட்டிலும் சாப்பிட்டு, எந்த வீட்டு வாசலில் வெயில் படவில்லையோ அங்கே படுத்துக்கொள்ளும். ஆனால் முறைப்படி அது என் நாய். முறை என்ன என்றால், தடுப்பூசி போட ஆள் வந்த அன்று எல்லாரும் ஓடிவிட, பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

நான் மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் அவசரப்பட்டு ஒரே வருஷத்தில் முடிக்கவில்லை. நன்றாக ஊறட்டும் என்று மூன்று வருஷம் படித்தேன். படிப்பு குறைந்தவனுக்கு வாய் நீளம். தெரியாது என்று சொல்லவே வராது எனக்கு.

அதனால் நாயின் வயிறு உப்பி, அது குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடித்துவிட்டு மூலையில் சுருண்டபோது, பார்த்த கணத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"சினையா இருக்குது."

என் மனைவி நம்பவில்லை. "நாலு நாளா சோத்த மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. பின்னாடி என்னமோ ஒழுவுது. சினை மாட்டுக்கு இப்படியா இருக்கும்?"

"மசக்கை. உனக்கு மட்டும்தான் வருமா?"

எனக்குப் பிரசவம் பார்த்த அனுபவம் எத்தனை வருஷம் என்று கேட்காதீர்கள். மண்டியில் நான்கு குட்டிகளுக்கு ஆள் பிடித்துவிட்டேன். ஒருத்தர் காது மடிந்த ஆண் குட்டிதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவைத்தார். நானும் பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ஐந்தாம் நாள் நாய் எழுந்திருக்கவே இல்லை. தூக்கிக்கொண்டு போய் ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினேன். அவர் வயிற்றை இரண்டு கையாலும் மெதுவாக அழுத்திப் பார்த்தார். கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்று கேட்டார். நான் குட்டி எத்தனை என்று கேட்டேன்.

"குட்டி இல்லப்பா. சீழு. கர்ப்பப்பை முழுக்கச் சீழு கட்டியிருக்குது. ஒண்ணு ரெண்டு நாள்ல ஆபரேசன் பண்ணி எடுத்தாவணும். உள்ளயே ஒடஞ்சுதுன்னா நாய் தங்காது."

அவரே தர்மபுரியில் நாய்களுக்கு ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். அந்த அம்மா மளமளவென்று சொன்னார்: "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வந்துருங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல சாப்பாடு ஒண்ணும் குடுக்கக் கூடாது. வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. புரிஞ்சுதா?"

புரிந்தது. ஏன் என்றுதான் கேட்கவில்லை. மலைக்குப் போகிறவன் விரதம் இருக்கிற மாதிரி ஏதோ சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு வீட்டில் சாப்பிடுகிற நாயைப் பட்டினி போடுவது என் வீட்டு வேலை மட்டும் இல்லையே. சாயங்காலமே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "நாளைக்கு ஆபரேசன். யாரும் ஒண்ணும் குடுத்துராதீங்க." கடைசி வீட்டில் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் முதல் வீட்டு அக்கா எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பாக்கெட் பிரெட்.

"என்னாங்க்கா இது?"

"நோவுல கெடக்கறத பாக்க வெறுங்கையோடயா வருவாங்க?"

"அக்கா, அது ஒண்ணும் திங்கக் கூடாதுன்னு இப்பத்தான சொல்லிட்டு வந்தன்?"

"அது எனக்குத் தெரியாதா? இது ஆபரேசன் முடிஞ்சப்புறம். இப்ப சும்மா மோந்து பாக்கட்டும், மனசுக்குத் தெம்பா இருக்கும்."

அவர் போவதற்குள் சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டு அக்கா சாத்துக்குடியோடு வந்து, நாயின் நெற்றியில் சிலுவை போட்டு ஜெபம் சொன்னார். அடுத்த வீட்டுக்காரர் அதே நெற்றியில் விபூதி வைத்தார். கன்னடம் பேசுகிற வீட்டு அம்மா, தினமும் கேட்கிற மாதிரியே "ஊட்டா ஆய்தா?" என்று கேட்டுக்கொண்டே பாலோடு வந்தார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நாய்க்குக் கன்னடத்தில் தெரிந்த ஒரே பேச்சு அதுதான். நாலு நாளாக ஆட்டாத வாலை ஆட்டியது. என் மனைவி ஓடிப் போய்ப் பால் சொம்பைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது.

இருட்டுவதற்குள் எங்கள் வீட்டில் இரண்டு பிரெட், ஒரு சீப்பு வாழைப்பழம், ஐந்து சாத்துக்குடி, பிஸ்கட், ஒரு இளநீர். போன வருஷம் நான் மண்டியில் பெட்டி விழுந்து கால் உடைந்து கிடந்தபோது ஒரே ஒரு ஆள் வந்தார். அவரும் போன் சார்ஜர் கேட்டுத்தான் வந்தார்.

இனி யாரையும் நம்ப முடியாது என்று நாயைப் பாத்ரூமில் கோணி விரித்துப் படுக்க வைத்துப் பூட்டினோம். சாவி மனைவியின் இடுப்பில். தெருவுக்குக் கேட்கிற மாதிரி நான் வாசலில் நின்று ஒரு பிரசங்கமும் செய்தேன். "அன்பு இருக்கலாம், அறிவும் இருக்கணும்" என்று முடித்தேன். நல்ல வரி. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

காலையில் தர்மபுரிக்குத் தக்காளி ஏற்றிப் போகிற குட்டியானை வண்டியில் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். நாய் மடியில். பாலக்கோட்டில் டீக்கு நிறுத்தினோம். டிரைவர் அந்தக் காது மடிந்த குட்டிக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரித்தான். நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். ஒன்பது மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான்.

உள்ளே எனக்கு முன்னால் இண்டூர்க்காரர் ஒருவர் கொழுகொழுவென்று ஒரு வெள்ளை நாயோடு உட்கார்ந்திருந்தார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனாம். மீசை நரைத்த கம்பவுண்டர் ஒருவர் எங்கள் நாயின் நெற்றியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஈரப் பஞ்சால் இரண்டு மதத்தையும் துடைத்தார்.

முதலில் எடை. மயக்க மருந்து எடைக்குத் தகுந்த மாதிரியாம். நாய் மிஷின்மேல் நிற்கமாட்டேன் என்றது. அதனால் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எழுபத்தொன்பது. பிறகு நான் மட்டும். அறுபத்தொன்று. மிச்சம் பதினெட்டு நாய். பெட்டி பெட்டியாக ஊரான் சரக்கை எடை போட்ட எனக்கு என் எடை அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் கழித்தல் கணக்கில்.

டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். கண்ணாடி போட்டவர். நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தினார். வெளுத்தது. விரலை எடுத்ததும் மெல்ல மெல்லச் சிவந்தது.

"மேடம், இது எதுக்குங்க?"

"ரத்த ஓட்டம் எப்படி இருக்குன்னு பாக்கறது. எவ்ளோ சீக்கிரம் செவப்பு திரும்புதோ அவ்ளோ நல்லது. இது கொஞ்சம் மெதுவா வருது."

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பி என் ஈறை அழுத்திக்கொண்டு அங்கிருந்த வாஷ்பேசின் கண்ணாடியில் பார்த்தேன். கம்பவுண்டர் பின்னாலேயே வந்து நின்றார்.

"உங்களுக்கும் ஆபரேசனா?"

"இல்லீங்க. சும்மா. இருக்குதான்னு பாத்தன்."

பிறகு முன்னங்காலில் ஒரு சாண் அளவு முடியை மிஷினால் வழித்தார்கள். நரம்பு பச்சையாக எழும்பியது. ரத்தம் எடுத்தார்கள், ஊசியைக் குத்தி பிளாஸ்டர் ஒட்டி டிரிப் மாட்டினார்கள். நாய் ஒரு தடவை என் முழங்கையை நக்கியதே தவிர சத்தம் போடவில்லை. பக்கத்தில் ஒரு மிஷினில் ரத்தத்தை வைத்துவிட்டு டாக்டர் முகத்தைச் சுளித்தார். கிட்னி கொஞ்சம் திணறுகிறதாம். சீழின் விஷம் அங்கேயும் போயிருக்கிறதாம்.

அப்புறம் நாயை மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்று முடியை வழித்தார்கள். நான் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஆறு வருஷமாக நான் தடவிக் கொடுத்த வயிறு. உள்ளே தோல் இளஞ்சிவப்பாக, அதில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், மை தெளித்த மாதிரி. இத்தனை நாள் இது எனக்குத் தெரியாது. முடிக்கு அடியில் வேறொரு நாய் இருந்திருக்கிறது. வீங்கின இடத்தில் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. நான் சினை என்று சொன்ன இடம்.

தட்டில் வளைந்த குழாய் ஒன்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன். மூச்சுக்குழாயில் விடுவது என்றார். பக்கத்தில் சின்னதாக ஒரு களிம்பு டியூப். அது கண்ணுக்கு. மயக்கத்தில் நாய்க்குக் கண் மூடாதாம், காய்ந்துவிடுமாம். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குமா என்று கேட்டேன். தூங்கும் என்றார். மண்டியில் எங்கள் மேஸ்திரி அப்படித்தான் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் அடுத்ததைக் கேட்டேன்.

"மேடம், அந்த வெறும் வயிறு எதுக்குங்க? சாமி சம்பந்தமா எதாவதா?"

"சாமியா?" என்று கையுறையை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "மயக்கத்துல வாந்தி வந்தா அதுக்கு முழுங்கவும் தெரியாது, துப்பவும் தெரியாது. வயித்துல இருக்கறது நேரா நுரையீரலுக்குப் போயிரும். நான் ஆபரேசன் எவ்ளோ நல்லா பண்ணாலும் நாய் போயிரும். இதுதான் சாமி."

நல்லவேளை, பாத்ரூம் சாவி மனைவி இடுப்பில் இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் கம்பவுண்டர், எந்தக் குழாய் சரிப்படும் என்று பார்ப்பதற்காக நாயின் வாயைத் திறந்தார். கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ. ரத்தமோ என்று பஞ்சால் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"மேடம், டூட்டி ஃப்ரூட்டி."

பன்னில் கண்ணாடிக் கல் மாதிரி வைத்திருப்பார்களே, அந்தச் சிவப்புத் துண்டு.

ஊசி போட மருந்தை எடுத்துவைத்திருந்த டாக்டர் அதைக் கீழே வைத்தார். "எப்ப சாப்பிட்டுச்சு? நெஜமா சொல்லுங்க. நேத்து சாயங்காலம்னா பரவாயில்ல, பல்லுல ஒட்டிட்டு இருந்திருக்கும், இப்பவே ஆரம்பிச்சிரலாம். இன்னைக்குக் காலைலன்னா நிறுத்தணும்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "தெருக்காரங்க மேடம்! அவ்ளோ சொல்லியும்!" என்று கத்திக்கொண்டே வராந்தாவுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டேன். இண்டூர்க்காரர் அவர் நாயோடு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எவன் பன்னு குடுத்தது? பாத்ரூம் ஜன்னல் வழியா எவனோ போட்டிருக்கான். அந்த மொத வூட்டு அக்காவா? அவங்கதான் மோந்து பாக்கட்டும்னாங்க!"

"கத்தாதீங்க. பாத்ரூமுக்கு ஜன்னல் ஏது? சாவி என்கிட்ட இருந்துச்சு. பிரெட்டு ரெண்டும் பிரிக்காம இருக்குது, பிஸ்கட்டும் அப்படியே இருக்குது. பன்னு எவளும் கொண்டாரல."

"அப்ப எப்படி வரும்? நாய் கடைக்குப் போயி வாங்குச்சா?"

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, பாலக்கோட்டுல டீ குடிச்சீங்களா?"

"குடிச்சன்."

"பன்னு?"

நான் இண்டூர்க்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"தெனமும் பன்னு தின்னா கடைசி வாய யாருக்குக் குடுப்பீங்க?"

அப்போதுதான் விரல் நுனியில் அந்த ஈரம் ஞாபகம் வந்தது. டிரைவரிடம் காது மடிந்த குட்டியைப் பற்றி அளந்துகொண்டே நான் பன்னைத் தின்றிருக்கிறேன். கை அதுபாட்டுக்கு மடிப் பக்கம் போயிருக்கிறது. ஆறு வருஷமாக அந்தக் கைக்கு அதுதான் வேலை. என்னைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. நாலு நாளாகச் சோறு தொடாத நாய் அதை மறுக்கவும் இல்லை. நக்கி வாங்கிக்கொண்டது. நான் கீழேகூடக் குனிந்து பார்க்கவில்லை.

போனை வைத்தேன். கதவருகே டாக்டர் நின்றுகொண்டிருந்தார். "என்ன சொல்றாங்க? நேத்தா, இன்னைக்கா?"

உள்ளதைச் சொல்கிறேன். நேற்று என்று சொல்ல வாய் முக்கால்வாசி திறந்துவிட்டது. ஏழு வீட்டுக்கும் பிரசங்கம் செய்தவன். இண்டூர்க்காரர் வேறு என்னையே பார்க்கிறார். நேற்று சாயங்காலம் யாரோ ஒரு அக்கா என்றால் முடிந்தது. அந்த அக்கா இங்கே வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஆபரேஷனும் உடனே நடக்கும். ஒரு வாய்தானே. ஒரு வாய் பன் என்ன செய்துவிடும்?

"மேடம், ஒரு வாய்னா... சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறன்... ஒரு வாய் கூடவா நுரையீரலுக்குப் போவும்?"

"ஒரு வாய் போதும்," என்றார்.

திறந்த கதவு வழியாக நாய் தெரிந்தது. மேஜைமேல் படுத்தபடி, வழித்த வயிறு ஏறி இறங்க, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு யாரைப் பார்க்கும், அங்கே அதற்கு வேறு யாரைத் தெரியும்?

"நான்தாங்க மேடம். காலைல எட்டு மணிக்கு. பாலக்கோட்டுல. ஒரு வாய். ரெண்டாக்கூட இருக்கும்."

இண்டூர்க்காரர் இருமினார். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இவ்ளோ நேரம் தெருவத் திட்டினீங்களே?"

"பழக்கம்ங்க."

"யாருக்கு? கைக்கா, வாய்க்கா?"

"ரெண்டுக்கும்தாங்க."

இனி மதியம் இரண்டு மணி வரை காத்திருக்க வேண்டும் என்றார். அதுவரை டிரிப், கிருமிக்கு ஊசி. அதற்குள் உள்ளே உடைந்துவிட்டால் என்று கேட்டேன். "உடையாம இருக்கணும்," என்றார். அவ்வளவுதான். இண்டூர்க்காரர் எழுந்து, "அப்ப எங்களுத முதல்ல முடிச்சிருங்க மேடம். எங்களுது நேத்துல இருந்து பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் தொடல. நாங்க பன்னு சாப்பிடற சாதி இல்லீங்க," என்றார். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிற நிலையில் இருந்தேன்.

நான்கு மணி நேரம் நாயின் முன்னங்காலை மடக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடக்கினால் டிரிப் நின்றுவிடும். சொட்டு விழுவதைப் பார்த்தேன். ஒரு சொட்டு கனத்து, நீண்டு, இப்போதா அப்போதா என்று தொங்கி, விழும். இப்படி ஒன்றையே பார்த்துக்கொண்டு நான் வாழ்க்கையில் உட்கார்ந்ததில்லை. டாக்டர் மணிக்கு ஒரு தரம் வந்து காய்ச்சல் பார்த்தார், தொடைக்குள் விரல் வைத்து நாடி பார்த்தார். மூன்றாவது தடவை என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அடுத்த ஒரு மணி நேரமும் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

இரண்டு மணிக்கு மறுபடி வயிற்றைத் துடைத்தார்கள். மஞ்சளாக ஒரு மருந்து, அப்புறம் ஸ்பிரிட், அப்புறம் மறுபடி மஞ்சள். நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாக. என்னைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஊசி மருந்து குழாய் வழியாக உள்ளே போனது. நாயின் தலை என் உள்ளங்கையில் கனத்துக்கொண்டே வந்தது. கடைசியில் அவ்வளவு கனம் எப்படி அந்தக் கழுத்தில் நின்றது என்று நினைக்கிற அளவுக்குக் கனத்தது. கண் திறந்தே இருந்தது, ஆனால் அதில் நான் இல்லை. கம்பவுண்டர் என் கையை விலக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஒன்றேகால் மணி நேரம். கதவு திறந்தபோது டாக்டர் கையில் ஒரு தட்டு. "கேட்டுட்டே இருந்தீங்களே, பாருங்க."

முறுக்கிப் பிழியாமல் போட்ட ஈர வேட்டி மாதிரி இரண்டு பெரிய உருளை, ஒன்றோடொன்று ஒட்டி, நீலமும் சிவப்பும் கலந்து. உடையவில்லை. ஒரு இடத்தில் மட்டும் வெங்காயத்தோல் மாதிரி மெலிந்திருந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையுறை கொடுத்தார். சூடாக இருந்தது. இவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டா அது நாலு நாள் மூலையில் படுத்திருந்தது? நான் அதைக் காட்டித்தான் மண்டியில் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நாய் எப்படிங்க இருக்குது?"

"வாந்தி எடுக்கல. மூச்சு நல்லா விடுது. ஆனா கிட்னிதான் எனக்குக் கவலை. ஒண்ணுக்குப் போனாத்தான் நம்ம கையில இருக்குன்னு அர்த்தம். பக்கத்துலயே உக்காந்து பாருங்க."

தரையில் சாக்கு விரித்து நாயைப் படுக்க வைத்தார்கள். மயக்கம் தெளியத் தெளிய உடம்பு நடுங்கியது. என் துண்டைப் போர்த்தி, தலையையும் பின்பக்கத்தையும் சேர்த்து மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது. வால் நுனி மட்டும் ஒரு தடவை அசைந்தது. வெளியே வெயில் சாய்ந்து பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கூடிக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு எதுவும் தோன்றாதது அன்றைக்கு அந்த ஒரு மணி நேரம்தான்.

அப்புறம் தொடையில் ஏதோ சுட்டது. முதலில் டிரிப் கழன்றுவிட்டதோ என்று பயந்துபோய்க் குழாயைப் பார்த்தேன். அது ஒழுங்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தேன். வேட்டி முழுக்கப் பரவி, சாக்கைத் தாண்டி, தரையில் கம்பவுண்டரின் செருப்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"அட எழுந்திரிங்க, எழுந்திரிங்க!" என்று அவர் துடைப்பக்கட்டையை எடுக்க ஓடினார்.

நான் எழுந்திருக்கவில்லை. அசைந்தால் நின்றுவிடும் என்று அப்படியே உட்கார்ந்துகொண்டு உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"மேடம்! போவுதுங்க மேடம்! இன்னும் போவுதுங்க!"